கருவி யார் கையில்? — ‘இனிவரும் உலகம்’ குறித்து

எழுதப்பட்ட நாளிலேயே முதுமை எய்திவிடும் ஏடுகள் உண்டு. ஆண்டு பல கடந்தும் இளமை குன்றாது நின்று, படிப்போரை வாதுக்கு அழைக்கும் ஏடுகளும் உண்டு. பெரியாரின் ‘இனிவரும் உலகம்’ பின்னதைச் சேர்ந்தது. பக்கங்கள் சிலவே, அவை எழுப்பும் கேள்விகளோ பல நூறு பக்கங்களில் விடை எழுதினாலும் தீராதவை. 1940களில், நம் சிற்றூர்களில் மின்விளக்கே விந்தைப் பொருளாக இருந்த நாளில், அவ்வேடு வருங்காலத்தைப் பற்றிப் பேசிற்று. தொலைவிலுள்ளாரோடு பேசும் கருவியை மக்கள் தம் உடையிலேயே வைத்துக்கொண்டு திரிவர்; ஒருவர் உருவத்தை மற்றவர் கண்டபடியே உரையாடுவர்; ஓரிடத்திலிருக்கும் ஆசிரியர் ஊர் பலவற்றுக்கும் பாடம் நடத்துவார்; மனிதனின் வாழ்நாள் நீளும்; ஆணும் பெண்ணும் கூடாமலே மகப்பேறு நிகழும் - இவ்வாறு அடுக்கிக்கொண்டே சென்றது. படித்தவர் நகைத்தனர், பழமை விரும்பிகள் சீறினர்.

அவர்தம் சீற்றம் சொல்லோடு நிற்பதில்லை என்பதை மதுரை அறியும். 1946 மே திங்களில் இந்நகரில் கருஞ்சட்டைப் படை மாநாடு கூடியபோது, பந்தலுக்கே தீ வைத்தனர். பந்தல் எரிந்தது, கருத்து எரியவில்லை. அன்று நகைத்தவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளின் சட்டைப் பையில் இன்று அந்தக் கருவி இருக்கிறது. முகம் பார்த்துப் பேசுகிறார்கள். பேசி முடித்ததும் அதே கருவியில் இராகுகாலம் பார்க்கிறார்கள். சாதகப் பொருத்தம் பார்க்கிறார்கள். தம் சாதிக்குள்ளேயே வரன் தேடுகிறார்கள்! கருவி வந்து சேர்ந்தது. கருத்து வந்து சேரவில்லை. இந்த இடைவெளியைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். கருவி இப்பொழுது நம் சட்டைப் பையோடு நிற்கவில்லை. கண்ணுக்குள் நுழைந்துவிட்டது, கருப்பைக்குள் எட்டிப் பார்க்கிறது, உயிரணுவின் உள்ளெழுத்தையே திருத்தத் தொடங்கிவிட்டது.

நம் மேடைகளில் அந்த ஏடு எவ்வாறு பேசப்படுகிறது? ‘அன்றே சொன்னார், இன்று நடந்தது’ என்பர், பட்டியல் படிப்பர், கைதட்டல் எழும், அத்துடன் ஏடு மூடப்படும். பாராட்டுப் போலத் தோன்றினும் இது பாராட்டு அன்று. நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வதனால் மட்டும் ஒருவர் பெரியவராவார் என்றால், கிளி சோதிடனுக்கும் மேடையில் ஒரு நாற்காலி போட வேண்டி வரும்! பெரியார் குறி சொல்லவில்லை. காரணங்களைக் கண்டு, அவற்றின் விளைவைக் கணித்தார். அதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. பணம் ஆட்சி செய்யாத, அரசன் என்றொருவன் இல்லாத, உயர்ந்தோன் தாழ்ந்தோன் என்ற பிரிவு அழிந்துபோன, உழைப்பின் சுமை ஒரு கூட்டத்தின் தலையில் மட்டும் ஏற்றப்படாத சமுதாயம் ஒன்றை அவர் வரைந்தார். அந்தச் சமுதாயத்தின் கையில்தான் இத்தனை கருவிகளையும் கொடுத்தார். நாமோ சமுதாயத்தை அப்படியே விட்டுவிட்டோம். கருவிகளை மட்டும் கடையில் வாங்கிவிட்டோம். பட்டியலைப் படித்துக் கைதட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, அந்த ஏட்டில் நாம் நின்று நிதானிக்க வேண்டிய இடத்திற்கு வருவோம். மனிதனையே மேம்படுத்தும் முயற்சி பற்றிய இடம் அது. ஆனினத்தில் நல்ல காளையைத் தெரிந்தெடுத்து இனம் பெருக்குவது போல, உடல் வலிவும் அறிவுக் கூர்மையும் அழகும் வாய்ந்த ஆடவரைத் தெரிந்தெடுத்து, அவர்தம் வித்தினை ஊசி வழியே செலுத்தி நல்ல மக்களைப் பிறப்பிக்கும் காலம் வரும் என்கிறார் பெரியார். மகப்பேற்றைக் கடவுளின் கொடையென்றும் முற்பிறவிப் பயனென்றும் நம்பிக் கிடந்த நாட்டில், அதனை அறிவின் ஆட்சிக்குள் கொண்டு வந்தது பெரும் துணிவு. ஐயமில்லை. 1978இல் இங்கிலாந்தில் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு கல்கத்தாவில் மருத்துவர் சுபாசு முகோபாத்தியாயர் தம் முயற்சியில் வெற்றி கண்டார். 1990இல் சென்னையிலும் அத்தகைய குழந்தை பிறந்தது. அறிவு செல்லும் திசையை அவர் சரியாகவே கணித்தார்.

ஆனால் நாம் கேட்கிறோம்: தெரிந்தெடுப்பது யார்? அழகு என்றும் அறிவு என்றும் முடிவு கட்டும் அளவுகோல் எவர் கையில்? அலங்காநல்லூர்ப் பக்கத்து உழவரைக் கேளுங்கள். காளையின் திமிலைப் பார்ப்பார், காலைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார். அத்தனையும் அனுபவ அறிவு. அடுத்து, சுழி பார்ப்பார்! இன்ன இடத்தில் சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நல்ல காளையை ஒதுக்குவார். தெரிந்தெடுப்பவரின் மடமையும் தெரிந்தெடுப்பில் கலந்துவிடுகிறது. மாட்டுக்கே சுழி பார்க்கும் நாட்டில், மனித வித்துக்கு எதைப் பார்ப்பார்கள்? விடை தேடி எங்கும் போக வேண்டா. கருத்தரிப்பு மருத்துவமனைகளை நாடுவோர், வித்தும் முட்டையும் தருவோரின் நிறத்தைக் கேட்கின்றனர், சாதியைக் கேட்கின்றனர் என்று செய்தித்தாள்கள் பலமுறை எழுதிவிட்டன. பெரியார் சாதியை அழிக்க எண்ணிக் காட்டிய வழியில், சாதியைக் காக்க எண்ணுவோர் நடக்கின்றனர். கொடுமை இதுவன்றோ!

தந்தையின் ஏட்டையே கேள்வி கேட்பதா என்று தோழர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தம் சொல்லையும் ஆராயாமல் ஏற்க வேண்டா என்று கூட்டந்தோறும் வற்புறுத்தியவர் அவர். கேள்வி கேட்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. கேளாது ஒப்புதல் பூசாரிக்குச் செய்யும் மரியாதை. மேலும், அந்த ஏடு வந்த காலத்தை நினைவிற் கொள்ள வேண்டும். நல்ல வித்தைப் பெருக்கு, தீய வித்தைத் தடு என்னும் கொள்கை அன்று மேலை நாட்டுக் கற்றோரிடையே பெருவழக்காக இருந்தது. 1907இலேயே அமெரிக்காவின் இந்தியானா மாநிலம், தகுதியற்றோர் எனத் தான் கருதியவரை மலடாக்கச் சட்டம் செய்தது. செருமனியில் இட்லர் ஆட்சி 1933இல் அத்தகைய சட்டம் செய்தது. 1939இல் ஊனமுற்றோரைக் கொல்லவே தொடங்கியது. பெரியார் வேண்டியது இந்த வழியை அன்று. பெண்ணின் மேல் ஏற்றப்பட்ட பேறுகாலச் சுமையை இறக்கவே அவர் வழி தேடினார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கருத்தடை பற்றி எழுதும்போது, பிறர் நாட்டு நலத்தையும் பொருளாதாரத்தையும் காரணமாகக் காட்டினர் என்றும், தாம் பெண்ணின் விடுதலைக்காகவே அதனை வேண்டுவதாகவும் தெளிவாக வேறுபடுத்திக் காட்டினார். இந்த வேறுபாட்டையே அளவுகோலாகக் கையில் எடுத்துக்கொள்வோம். எவருடைய உடலின்மீது கருவி செயற்படுகிறதோ, அவருக்கு அது விடுதலை தருகிறதா? இந்த ஒரு கேள்வியோடு மதுரையைச் சுற்றி வருவோம்.

நகரிலிருந்து மேற்கே உசிலம்பட்டிச் சாலையில் செல்வோர், பெருங்காமநல்லூர் என்னும் ஊரின் பெயரை மறத்தல் ஆகாது. பிறமலைக் கள்ளர் மக்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகள் எனக் குறித்தது வெள்ளையர் ஆட்சியின் குற்றப் பரம்பரைச் சட்டம். பெயரைப் பதிவு செய், கைரேகையை உருட்டு, ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டுப் பெறு - இதுவே ஆணை. மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘ரேகைச் சட்டம்’. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், ரேகை வைக்க மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது துப்பாக்கி வெடித்தது. பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

இங்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். கைரேகை அந்நாளில் புத்தம் புதிய அறிவியல். அதனை ஆராய்ந்து 1892இல் நூல் எழுதியவர் பிரான்சிசு கால்டன் என்னும் ஆங்கிலேயர். நல்ல வித்தைப் பெருக்குவது என்னும் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் அவரே! ரேகையில் இனமும் பரம்பரையும் தென்படுமோ என்று தேடினார், தென்படவில்லை. ஆளுக்கு ஆள் ரேகை வேறு என்பதையே ஆராய்ச்சி காட்டிற்று. ஒவ்வொருவரும் தனி மனிதர் என்று மெய்ப்பிக்கும் அந்தக் கருவியைக் கொண்டே, ஒரு கூட்டம் முழுவதையும் ஒரே குற்றவாளியாக்கினர். குற்றம் ரேகையினதா? இல்லை. பிறப்பினால் மனிதனை அளக்கும் மனு நீதியும் வெள்ளையன் துப்பாக்கியும் கைகோத்தன. ரேகை அவர்களுக்கு ஏவல் செய்தது.

அடுத்த கதையும் அதே சமவெளியில்தான். 1986இல் ‘இந்தியா டுடே’ ஏடு உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக் கொலையை எழுதியபோது நாடே திடுக்கிட்டது. கள்ளிப்பால் என்னும் சொல் எங்கும் பரவிற்று. எழுதியோர் பலர் ஒரு சாதியின்மீது பழியைச் சுமத்தி ஒதுங்கிக்கொண்டனர். மீண்டும் அதே ரேகைச் சட்டத்தின் மனப்பான்மை! சேலத்திலும் தருமபுரியிலும் அக்கொடுமை நிகழ்ந்தது. அங்கு வேறு சாதிகள், நோய் ஒன்றே. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பரிசம் கொடுத்த வழக்கம் மாறி, பெண் வீட்டார் வரதட்சணை கொடுக்கும் வழக்கம் வந்ததை ஆய்வாளர் காரணமாகச் சுட்டுகின்றனர். 1959இல் வைகை அணை எழுந்தது, பாசனம் பெருகிற்று, பணப்பயிர் வந்தது, கையில் காசு புரண்டது, காசோடு மேற்குடியினரின் வரதட்சணையும் வந்தது. நிலம் செழித்தது; பெண் சுமையானாள்!

அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் மதுரை உள்ளிட்ட பிற மாவட்டங்களுக்கும் விரித்தது. அதற்குள் ஸ்கேன் கருவி ஊருக்குள் நுழைந்துவிட்டது. கருவிலிருக்கும் பிள்ளையின் இதயத் துடிப்பைக் காட்டித் தாயையும் சேயையும் காக்க வந்த கருவி அது. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: ஆணா, பெண்ணா? கள்ளிப்பாலுக்கு அஞ்சிய படித்த குடும்பமும் ஸ்கேனுக்கு அஞ்சவில்லை. குற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு, சுத்தமான வெள்ளைச் சுவருக்குள், நகர்ந்தது. 1994இல் பாலினம் அறிவிப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. எனினும் 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 942, 2011இல் 943. பத்து ஆண்டில் ஒன்று! மனிதனைத் தெரிந்தெடுக்கும் கருவி மக்கள் கையில் வந்த முதல் வேளையில் அவர்கள் தெரிந்தெடுத்தது எதனை? அறிவையா, அழகையா, உடல் வலிவையா? ஆண் என்பதை! மனு எழுதி வைத்ததை எந்திரம் படித்துக் காட்டிற்று.

இந்நோய்க்கு மருந்து கருவியை உடைப்பதில் இல்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கு நிகரான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு அதனைச் சட்டமாக்கியது. செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாவதற்கு முன்னரே ஸ்கேன் வந்துவிட்டது. சட்டம் வந்த பின்னரும் பல வீடுகளில் பத்திரம் ஆண் பெயரிலேயே எழுதப்படுகிறது. மகளும் நிலத்துக்கு உரியவள் என்ற எண்ணம் வேரூன்றிய வீட்டில் ஸ்கேன் கருவி வெறும் மருத்துவக் கருவியாக நிற்கும். வேரூன்றாத வீட்டில் அது தூக்குமேடை. கருவி ஒன்றே, வீடு வேறு.

இருட்டை மட்டும் காட்டி இளைஞரைத் திகைக்க வைப்பது நம் நோக்கமன்று. இதே மதுரையில், நம் அளவுகோலுக்குப் பெரும்பாலும் ஈடு கொடுக்கும் மற்றொரு கதையும் உண்டு.

இரண்டாம் உலகப் போரில், விமானத்தின் கூரைக் கண்ணாடி சிதறி விமானிகள் சிலர் கண்ணுக்குள் துணுக்குகள் தைத்தன. உண்மையில் அது ஒருவகைப் பிளாஸ்டிக். கண் அத்துணுக்கை வெறுத்து ஒதுக்காததைக் கவனித்த இலண்டன் மருத்துவர் அரால்டு ரிட்லி, 1949இல் அதே பொருளால் லென்ஸ் செய்து, புரை நீக்கிய கண்ணுக்குள் பொருத்தினார். மனித உறுப்பு ஒன்றின் இடத்தில் மனிதன் செய்த உறுப்பு! சக மருத்துவர்களே எதிர்த்தனர்; பல ஆண்டு கழித்தே ஏற்றனர். செல்வ நாடுகளில் அது வழக்கமான பின்னும் ஏழைக்கு வாய்த்தது என்ன? புரையை எடுத்துவிட்டுச் சோடாப்புட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்புவர். அது கீழே விழுந்து உடைந்தால், பார்வையும் உடைந்தது. இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்தது. ஏழை நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது, அவர்களுக்குக் கண்ணாடியே போதும் என்று வல்லுநர் சிலர் வாதிட்டனர்.

போதும் என்று சொல்வது எளிது. சொல்பவர் கண்ணில் லென்ஸ் இருக்கும்போது இன்னும் எளிது! அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, மூட்டு வாத நோயால் கோணிய விரல்களோடு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் கண் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். 1992இல் அந்நிறுவனத்தார் மதுரையிலேயே ‘அரோலேப்’ என்னும் தொழிற்கூடம் நிறுவி லென்ஸைத் தாமே செய்தனர். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கிற்று. பின்னர் அதனினும் குறைந்தது. அந்த லென்ஸ் நாடு பலவற்றுக்கும் செல்கிறது. அவர்கள் செய்யும் அறுவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடைபெறுகின்றன. மேலூரில் நாற்று நடும் கிழவி, உசிலம்பட்டியில் ஆடு மேய்க்கும் பெரியவர், இவர்தம் கண்ணுக்குள் இன்று அறிவியல் குடியிருக்கிறது. முற்பிறவி வினை என்று சொல்லி மூலையில் உட்கார வைத்த குருட்டை, ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு ஓட்டிவிட்டது. வினைக் கொள்கைக்கு இதனினும் நல்ல மறுப்புரை எந்த மேடையில் கேட்டோம்?

அரவிந்தர் என்னும் ஆன்மிகவாதியின் பெயரையே அம்மருத்துவமனை தாங்கியிருக்கிறது. அதில் நமக்கு உடன்பாடில்லை. உடன்பாடில்லை என்பதற்காக உண்மையை மறைப்பதும் பகுத்தறிவாகாது. அங்கே பார்வை தந்தது தியானம் அன்று, தொழிற்கூடம். எனினும் குறையையும் சொல்வோம். காசு கொடுப்போர்க்கும் கொடாதார்க்கும் தங்கும் வசதியில் வேற்றுமை உண்டு. லென்ஸின் வகையிலும் வேற்றுமை உண்டு. அதனினும் பெரிய கேள்வி: நல்லவர் ஒருவர் மனம் இரங்கியதால் கிடைப்பது கொடை, கேட்டுப் பெறுவது உரிமை. கொடை, கொடுப்பவர் உள்ளவரை. உரிமையோ, சட்டம் உள்ளவரை, அதனைக் காக்க மக்கள் உள்ளவரை. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும் அதற்குப் பின்வந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், பல இலட்சம் ரூபாய் விலையுள்ள செவிக் கருவியை ஏழைக் குழந்தைகளுக்கு அறுவை செய்து பொருத்த வழி செய்தன. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் அது நடைபெறுகிறது. கூலி வேலை செய்யும் தாய், தன் பிள்ளைக்கு ஒலி கேட்க வேண்டும் என்று அரசிடம் கேட்டுப் பெறுகிறாள். எவர் காலிலும் விழுந்து பெறவில்லை. லென்ஸ் காட்டிய வழியில் இது அடுத்த படி என்போம்.

இப்பொழுது, வந்துகொண்டிருக்கும் கருவிகளைப் பார்ப்போம். நீரிழிவால் கண்ணின் திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் எந்திர அறிவை உருவாக்கி, கூகுள் நிறுவனம் 2016இல் ஆய்வு வெளியிட்டது. அதற்குப் பயன்பட்ட படங்களில் நம் நாட்டு மருத்துவமனைகளிலிருந்து சென்றவையும் உண்டு. 2019இல் மதுரை அரவிந்த் மருத்துவமனையிலேயே அது பயன்பாட்டுக்கு வந்தது. கண் மருத்துவரே எட்டிப் பாராத சிற்றூருக்கு அது பெருந்துணை; வரவேற்கிறோம். ஆனால் எந்திரத்துக்கு அறிவு புகட்டியவை நம் மக்களின் கண்கள். அந்த அறிவுக்கு உடைமையாளர் யார்? விலையை வைப்பவர் யார்? உழுதவனுக்கு நிலம் இல்லை என்ற பழைய வழக்கு, இங்கே புதுப் பெயரில் வருகிறது.

உயிரணுவின் உள்ளெழுத்தைத் திருத்தும் ‘கிரிஸ்பர்’ முறைக்கு 2020இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அரிவாள் வடிவ இரத்தச் சோகை நோய்க்கு அம்முறையில் அமைந்த ‘காஸ்கெவி’ என்னும் மருத்துவம் 2023இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் ஒருவருக்கு அதன் விலை 22 இலட்சம் டாலர்! அந்நோய் நம் நீலகிரிப் பழங்குடி மக்களை வாட்டுகிறது. நோய் அவர்களுடையது, மருந்து எவருடையது? சீனத்தில் ஒருவர் 2018இல் கருவிலேயே திருத்தப்பட்ட குழந்தைகளைப் பிறப்பித்ததாக அறிவித்துச் சிறை சென்றார். அமெரிக்காவில் முளைக்கருக்களுக்கு மதிப்பெண் இட்டு, இதனை வைத்துக்கொள், அதனை ஒதுக்கு என்று சொல்லும் நிறுவனங்கள் தோன்றிவிட்டன. அந்த மதிப்பெண்ணின் நம்பகம் குறித்து அறிவியலார் ஐயமே கொண்டுள்ளனர். ஆயினும் விற்பனைக்கு மெய்ப்பு எப்பொழுது தேவைப்பட்டது? சாதகத்துக்கு மெய்ப்புக் கேட்டா வாங்கினார்கள்?

நம் இயக்கத்தார் இங்குச் சிறப்பாக விழிப்படைய வேண்டும். ‘தகுதி’, ‘திறமை’ என்னும் இரு சொற்கள் நமக்கு எதிராக நூறாண்டாக வீசப்படுகின்றன. 1921இல் நீதிக் கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை பிறப்பித்த நாளில் வீசப்பட்டன; 1951இல் அரசியல் சட்டத்தையே திருத்தி இடஒதுக்கீட்டைக் காத்தபோதும் வீசப்பட்டன. இன்று ‘நீட்’ தேர்வின் பெயரால் வீசப்படுகின்றன. பணம் கொடுத்துப் பயிற்சி பெற்றோரும் மீண்டும் மீண்டும் எழுதுவோருமே அத்தேர்வில் பெரும்பாலும் வெல்கின்றனர் என்று, 2021இல் நீதியரசர் ஏ. கே. இராசன் குழு எடுத்துக்காட்டியது. இன்று விலைக்கு வாங்கப்படுவது பயிற்சி. நாளை நினைவாற்றலும் உடல் வலிவும் நோயெதிர்ப்பும் பிறப்பதற்கு முன்பே விலைக்கு வாங்கப்படுமானால், வாங்கியவன் மகன் என்ன சொல்வான்? ‘என் தகுதி என் இரத்தத்தில் உள்ளது’ என்பான். முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று பார்ப்பனியம் அன்று சொன்னது பொய். பொய் என்று நாம் மெய்ப்பித்தோம். அந்தப் பொய்யை ஆய்வுக்கூடத்தில் மெய்யாக்கப் பணம் முயலுமானால், அந்நாளில் எதைச் சொல்லி வாதிடுவோம்? வாதத்தை இன்றே தொடங்கிவிடல் வேண்டும்.

இரு தரப்பார் இதற்கு மறுப்புரைப்பர். ‘படைப்பில் கைவைப்பது பாவம், எனவே கருவியே வேண்டா’ என்பார் ஒரு சாரார். அவர்க்கு நம் விடை: புரை விழுந்த கண் படைப்பென்றால், அந்தப் படைப்பில் கைவைப்பதே அறம். ‘கருவி வந்தாலே போதும், விலை தானாக இறங்கும், ஏற்றத்தாழ்வு தானாக ஒழியும்’ என்பார் மற்றொரு சாரார், நம்முள்ளும் இவர் உண்டு. அவர்க்கு நம் விடை: லென்ஸின் விலை தானாக இறங்கவில்லை, இறக்கினார்கள். ஸ்கேன் விலை இறங்கியபோதோ, சமத்துவம் உயரவில்லை. பெண் பிள்ளைகள் குறைந்தனர்.

ஆகவே, ‘இனிவரும் உலக’த்தின் ஓரங்களில் இளைஞர்கள் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். எது நல்லது என்று முடிவு செய்பவர் யார்? எவர் உடல் அதற்கு விலை கொடுக்கிறது? கடைசி மனிதனுக்கு அது எப்பொழுது, எந்த உரிமையால் வந்து சேரும்? பெருங்காமநல்லூரின் ரேகை இந்த மூன்றிலும் தோற்றது. உசிலம்பட்டியின் ஸ்கேன் முதல் இரண்டில் தோற்றது. மதுரையின் லென்ஸ் முதல் இரண்டிலும் வென்று, மூன்றாவதில் பாதி வழி வந்து நிற்கிறது. செவிக் கருவி மீதி வழியில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. பெரியாரின் ஏட்டில் வரும் தெரிந்தெடுத்த வித்து, இரண்டாம் கேள்வியில் பெண்ணின் பக்கம் நிற்கிறது. முதற்கேள்விக்கு அங்கு விடையில்லை. அந்த விடையை எழுத வேண்டியவர்கள் அவர் வழி வந்த நாம்.

மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள படிப்பகங்கள் அவ்வேட்டை மீண்டும் எடுத்துப் படிக்கட்டும். கருவிப் பட்டியலை ஒருமுறை படித்தால் போதும். பணமும் சாதியும் ஆண் ஆதிக்கமும் அற்ற சமுதாயம் பற்றிய பகுதியைப் பத்துமுறை படியுங்கள். படித்து, ஊரிலுள்ள ஸ்கேன் நிலையம் சட்டப்படி நடக்கிறதா என்று கேளுங்கள். மகள் பெயரில் பத்திரம் எழுதப்பட்டதா என்று வீட்டில் கேளுங்கள். அரசுக் காப்பீட்டில் செவிக் கருவி கிடைக்கும் என்பது அறியாத தாய்க்கு அதனைச் சொல்லுங்கள். புதிய மருத்துவம் வரும்போது அதன் விலையையும் உரிமையையும் சட்டமன்றத்தில் எழுப்பச் சொல்லுங்கள். கருவி வரும், வந்தே தீரும். அது வந்து சேரும் நாட்டை அதற்குள் மாற்றி வைப்பதே நம் வேலை.